ஃபாஸ்ட் கலர்

கல்லுக்கட்டிக்குப் பின்சந்தில்
ஜெராக்ஸும் தட்டச்சும் சேர்ந்த கடை என்னுடையது.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
மனுவில் விழும் கண்ணீருக்குத் தனியாக வாங்குவதில்லை.

சிகப்பி ஆச்சி வந்தது ஒரு சஷ்டியன்று.
மஞ்சள் பைக்குள் ஒரு கண்டாங்கி, ஒரு வேட்டி, ஒரு பில்.
கண்டாங்கியின் அரக்கில் பாதி
வேட்டிக்குக் குடிபோயிருந்தது.
"எழுதும்மா.
ஃபாஸ்ட் கலர்னு பில்லுலயே போட்டிருக்கான்.
ஒரே அலசு. ஃபாஸ்ட்டாத்தான் போச்சு."
டீ சொன்னேன்.
விரதம் என்று கையை ஆட்டினார்.

'சாயம் உறுதியானது என நம்பவைத்து' என்று அடித்தேன்.
பெறுநர், நுகர்வோர் ஆணையம், சிவகங்கை.

இருபது நாள் கழித்து
அதே நாற்காலியில் ஜவுளிக்கடை பூமிநாதன்.
பதில் மனு. வக்கீலுக்குப் படிக்கும் மருமகன்
ஒரு துண்டுத்தாளில் எழுதித் தந்திருந்தான்:
'ஃபாஸ்ட் என்பதற்கு விரைவு என்றே பொருள்.
விரைந்து போகும் என்று
பில்லிலேயே எச்சரித்திருக்கிறோம்.'
சிரிப்பை அடக்கிக்கொண்டு அதையும் அடித்தேன்.
இருவருக்கும் ஒரே எழுத்துரு, பதினான்கு புள்ளி.

அன்றிரவு அகராதியைத் தேடி எடுத்தேன்.
முனீஸ்வரன் கோயில் தெருவில்
தேக்குத் தூணுக்கும் பீங்கான் ஜாடிக்கும் நடுவில்
எடைக்கு வாங்கியது. அட்டை கிடையாது,
எஸ்ஸில் பாதி கிடையாது. எஃப் முழுசாக இருந்தது.

முதலில் அந்தச் சொல் ஓடவே இல்லையாம்.
அசையாதது, இறுகியது, ஆணியடித்தாற்போல் நிற்பது.
ஐப்பசி மழையில் ஊறி
என் கடைக் கதவு நிலையோடு கவ்விக்கொள்ளுமே, அது.
பிறகு யாரோ உறுதியாக ஓடியிருக்கிறான்.
விடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு.
பார்த்தவர்கள் உறுதியை மறந்து
ஓட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.
பட்டினியும் அதே வேரில்தான்:
சொன்ன வாக்கில் அசையாமல் நிற்பது.
ஆச்சி அன்று குடிக்காத டீயை நினைத்துக்கொண்டேன்.

கீழே, ஒன்பதாவது அர்த்தம்:
ஒழுக்கம் தளர்ந்த. குறிப்பாகப் பெண்.

இருபத்திரண்டு வயதில்
கோட்டையூரிலிருந்து ஸ்கூட்டியில் வேலைக்கு வருவேன்.
'கலையரசி ரொம்ப ஃபாஸ்ட்' என்றார்கள்.
தட்டச்சைச் சொல்கிறார்கள் என்று
ஒரு வருஷம் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

இறுகியது என்று தொடங்கி
தளர்ந்தது என்று முடிகிறது.
இந்தச் சொல்லை எந்தத் தண்ணீரில்
யார் அலசினார்களோ.

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை.
ஓட்டம் பிடித்தான் என்கிறோம்,
ஓடுகிறவன் எதைப் பிடித்தானாம்?
கடுகி வா என்றால் சீக்கிரம்,
கடுமை என்றால் கல்.
கேட்டால் ஒரு மொழியும் பதில் மனு போடாது.

வழக்கு நடக்கவில்லை.
பூமிநாதன் வேறொரு கண்டாங்கி கொடுத்தார்,
அடர்பச்சை, பில் இல்லாமல்.
வேட்டிக்கு யாரும் எதுவும் கேட்கவில்லை.

சென்ற வாரம் கூட்டுறவு வங்கி வரிசையில்
எனக்கு முன்னால் ஆச்சியின் வீட்டுக்காரர், சாத்தப்பன்.
இடுப்பில் இளஞ்சிவப்பு வேட்டி,
முழங்காலுக்குக் கீழே கொஞ்சம் அடர்த்தியாக.
நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"நாலு வெளுப்புப் போட்டாச்சு," என்றார்.
"காரம், சோடா, எலுமிச்சம்பழம்.
அசைய மாட்டேங்குது."

டோக்கன் நாற்பத்தொன்று என்று கூப்பிட்டார்கள்.
வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு
வேகமாகப் போனார்.